நிற்காத வண்டிக்கு ஒரு பட்டை

மகனே,

இதனால் சகல ஜனங்களுக்கும், விசேஷமாய்க் கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் நம் குமாரனுக்கும், அவனோடு ஒரே அறையில் தங்கி அவனுக்கு வரும் கடிதங்களை அவனுக்கு முன்பே வாசித்துவிடும் அவனுடைய அருமைச் சிநேகிதர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: பாளையங்கோட்டை அரிசிக்கடை மோட்டார் வண்டியானது சென்ற சனிக்கிழமை பாபநாசத்தில், சாட்சிகள் முன்னிலையில், நின்றது. பழுதாகி நிற்கவில்லை. பெட்ரோல் தீர்ந்து நிற்கவில்லை. வைக்கோற்போரில் முட்டியும் நிற்கவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. ஓட்டியவர் உன் தகப்பன்.

இந்தக் கடிதத்தை நீ ஒளித்துப் படிக்க வேண்டாம். உன் சிநேகிதர்களைச் சுற்றி உட்காரவைத்து உரக்கவே படி. நடந்ததைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அது கடல் தாண்டி உன் காதுக்கு வருவதற்குள் கை கால் முளைத்துவிடும். கடைசியில் ஓர் இடத்தில் மட்டும் ‘இங்கே நிறுத்து’ என்று எழுதியிருப்பேன். அதற்கு மேல் உள்ளது உனக்கு மாத்திரம். கல்யாணம் நெருங்கும் பிள்ளைக்குத் தகப்பன் புத்திமதி எழுதுவது வழக்கமாம். எனக்கோ தலை நரைத்தும் வாய்க்கு இன்னும் பதினைந்து வயசுதான் ஆகிறது. புத்தி இருந்தால்தானே மதி சொல்ல? எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அரிசி. அதற்கு அடுத்தபடி, இந்த ஆறு மாதமாய், பிரேக்கு. ஆகவே உன் கல்யாணத்துக்கு நான் எழுதும் புத்திமதி பிரேக்கைப் பற்றித்தான்.

வண்டி நம்மிடம் வந்த கதை உனக்குத் தெரியும், உன் சிநேகிதர்களுக்குத் தெரியாது. மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது தள்ளிவிட்டுப் போன கிழட்டு மோட்டார் அது. பின்னால் இருந்த மெத்தை ஆசனத்தை ஆசாரி அறுத்தெடுத்துவிட்டுப் பலகை அடித்தார். துரைசானி உட்கார்ந்த இடத்தில் அரிசி மூட்டை உட்கார்ந்தது. ஊரார் ‘முதுகில்லா மோட்டார்’ என்று பெயர் வைத்தார்கள். முதல் நாள் நீ என் பக்கத்தில் இருந்தாய். கடைவாசல் வந்ததும் நான் பழக்கதோஷத்தில் ‘ஹோ, ஹோ’ என்று மாட்டுக்குச் சொல்வதுபோல் சொல்லிக் கயிற்றைத் தேடினேன். நீ குதித்துவிட்டாய். நான் எதிர்வீட்டு வைக்கோற்போருக்குள் போய்விட்டேன். உன் அம்மா ஓடிவந்து யார் வண்டியை நிறுத்தியது என்று கேட்டபோது, “வைக்கோல்” என்று நீ சொன்னாயே, அந்த ஒரு வார்த்தைக்காக உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சரியான பதிலை எனக்கு முன்னால் சொல்லிவிட்டாய்.

உன் நிச்சயதார்த்தத்துக்கு அந்த வண்டியிலேயே பாபநாசம் போனோம். உன் வருங்கால மாமனார் அங்கே பஞ்சாலையில் சாமான் கிடங்குக்குப் பொறுப்பாய் இருப்பவர்; மது ஒழிப்புச் சங்கத்துக்குச் செயலாளர்; சிரிப்பை மட்டும் கிடங்கிலேயே பூட்டிவைத்துவிட்டு வருகிறவர். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “ஓடுது, சரி. நிக்குமா?” நிற்கச் சொன்னால் நிற்கும் என்றேன், மீசையைத் தடவிக்கொண்டு. கல்யாணம் முடிந்து அவர் மகள் எஸ்தர் இந்த வண்டியில்தான் பாளையங்கோட்டைக்கு வரப்போகிறாள் என்று வேறு சொல்லிவைத்தேன். அப்படியானால் கல்யாணத்துக்கு முன் ஒருநாள் கோயிலுக்கு மேலேயுள்ள இறக்கத்தில் இறக்கி நிறுத்திக் காட்டும்படி சொன்னார். அதோடு விட்டாரா? “நிறுத்தத் தெரியாத வீட்டுக்குப் பொண்ணு கொடுக்க ரெண்டு தடவை யோசிக்கணும்லா” என்றார். நீ அப்போது எஸ்தரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் காதில் விழுந்திருக்காது. எஸ்தரோ வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலுக்கடியில் மூன்று மிதி எதற்கு என்று அந்தக் கூட்டத்தில் கேட்டவள் அவள் ஒருத்திதான். இடது மிதி முன்னால் போக, நடு மிதி பின்னால் போக, வலது மிதி நிற்க என்று நான் விளக்கினேன். இதை நினைவில் வைத்துக்கொள்.

வலது மிதி வேலை செய்யவில்லை என்பதை மட்டும் அவளுக்கு விளக்கவில்லை. பின் சக்கரத்தோடு சுற்றும் ஓர் இரும்பு உருளை. அதைச் சுற்றி ஓர் இரும்பு வளையம். வளையத்தின் உள்பக்கம் ஒட்டிக் கிடக்கும் ஒரு பட்டை. மிதித்தால் வளையம் இறுகும், பட்டை உருளையைக் கவ்வும், வண்டி நிற்கும். நம் வண்டியில் பட்டை தேய்ந்து, கருகி, விரல் நீளத்துக்கு ஒரு துண்டுதான் மிச்சம். இரும்பும் இரும்பும் உரசினால் சத்தம் வருமே தவிர வண்டி நிற்காது; புருஷன் பெண்டாட்டி விஷயத்திலும் அப்படித்தான். இடையில் தேய்ந்து கொடுக்க ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது.

புதுப் பட்டைக்கு நீயும் கொழும்பில் கடை கடையாய் ஏறி இறங்கினாய். எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்டார்கள். பெயர்த் தகடு எந்த மலைச்சரிவில் விழுந்ததோ, துரைக்கே தெரியாது. பெயர் தெரிந்தால் மட்டும் என்ன, சண்டைக் காலத்தில் சாமான் ஏற்றிக் கப்பல் வருகிறதா? ஆகவே நானே தேடினேன். மேலப்பாளையத்துத் தோலை வைத்தேன். முதல் இறக்கத்தில் தீய்ந்து, தெருவே மூக்கைப் பொத்தியது. பனைநாரைப் பின்னி வைத்தேன். புகைந்தது, அப்புறம் பற்றிக்கொண்டது. தேங்காய்நார்க் கயிறு வைத்தேன்; அது பிடித்தது, மகனே, அப்படிப் பிடித்தது! பிடித்த பிடியை விடவே இல்லை. சக்கரம் பூட்டிக்கொண்டு, பின்னால் இருந்த மூட்டைகள் என் தலைக்கு மேலே பறந்து எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தன. அப்போதுதான் எனக்கு விளங்கியது. மெத்தென்று இருந்தால் எரிந்துபோகிறது, முரடாய் இருந்தால் குடி கவிழ்க்கிறது. பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். அப்படிப்பட்ட ஒரு பொருளை எவனோ எங்கோ கண்டுபிடித்து இந்த வளையத்துக்குள் வைத்திருக்கிறானே, அது என்ன பொருள்? அதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

மிச்சமிருந்த துண்டை மடியிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நெய்த பொருள் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு நூலை உருவி விளக்கில் காட்டினேன். பருத்தியென்றால் தாள் எரிகிற வாடை வரும், இது மயிர் பொசுங்கும் வாடை. சரி, மயிர்தான். யாருடைய மயிர்? கம்பளியை எரித்துப் பார்த்தேன், வெள்ளாட்டு ரோமத்தை எரித்துப் பார்த்தேன், வண்ணாரக்குடிக் கழுதையிடம் கெஞ்சி வாலில் நாலு முடி வாங்கி எரித்துப் பார்த்தேன். கடைக்கு அரிசி வாங்க வந்தவர்கள் அரிசி கருகுகிறது என்று திரும்பிப் போனார்கள். என் தலைமுடியையும் ஒரு கொத்து எரித்தேன். ‘இருக்கதே கொஞ்சம்’ என்று உன் அம்மா வருத்தப்பட்டாள். ஒன்றும் ஒத்துவரவில்லை.

பத்தமடையிலிருந்து பாய் விற்க வருகிற பாய் ஒருவர் நம் கடையில் அரிசி வாங்குவாரே, அவர் ஒருநாள் துண்டைக் கையில் வாங்கி மோந்துவிட்டு, “அண்ணாச்சி, எங்க பெரிய வாப்பா மக்கத்துக்குப் போயிட்டு வரும்போது ஒட்டக மயிருல திரிச்ச கயிறு ஒண்ணு கொண்டாந்தாவ. இது அந்த வாடைதான்” என்றார். சொன்ன பிறகு அவருக்கே சந்தேகம் வந்து, அந்தக் கயிற்றில் அத்தரும் பட்டிருந்தது என்றும் சேர்த்துக்கொண்டார். ஒட்டகம்! தாமிரபரணிக் கரையில் யானை உண்டு, எருமை உண்டு, என்னைப்போல் சில கழுதைகள் உண்டு. ஒட்டகத்துக்கு எங்கே போவேன்? அன்றைக்குச் சோறு போட்டுக்கொண்டே உன் அம்மா சாவதானமாய்ச் சொன்னாள், நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி அரைமணி நேரம் சொன்னது அதைத்தானே என்று. ஆலையில் இயந்திரங்களைச் சுற்றவைக்கிற அகலமான பட்டைகள் சீமையிலிருந்து வருகின்றனவாம், ஒட்டக மயிரால் நெய்தவையாம், அறுந்த பழைய துண்டுகள் கிடங்கில் சுருட்டிக் கிடக்கின்றனவாம். அவர் அதைச் சொன்னபோது நான் முந்திரிக்கொத்துத் தின்றுகொண்டிருந்தேன். மகனே, முதல் புத்திமதி: வாய் வேலை செய்யும்போது காதையும் கொஞ்சம் திறந்து வை.

இப்போது சங்கடத்தைப் பார். நிற்குமா என்று கேட்ட மனுஷனிடமே போய், நிறுத்துகிற சாமான் உங்களிடம்தான் இருக்கிறது, கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? நான் மீசையைத் தடவியது என்ன ஆவது? கடிதம் எழுதினால் கையெழுத்தே சாட்சியாகிவிடும். அந்த வாரம் நம் உபதேசியார் அம்பாசமுத்திரம் பக்கம் ஜெபக்கூட்டத்துக்குப் போனார். அவரிடம் பையச் சொல்லியனுப்பினேன்: “சம்பந்திகிட்ட பழைய பட்டை இருந்தா எனக்குக் கொஞ்சம் வேணும். வேற யாருக்கும் தெரிய வேண்டாம்.” உபதேசியார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் அதைக் கவனித்தும் கவனிக்கவில்லை.

நீ தமிழ் படித்துப் பட்டம் வாங்கினவன். நான் பட்டை வாங்கப் போனவன். பட்டை என்றால் மரத்தின் தோல், கறிக்குப் போடுவது, நெற்றியில் பூசுவது, பதநீர் குடிக்கிற பனையோலைக் குடுவை, இயந்திரத்தைச் சுற்றுகிற வார். இத்தனையும் எனக்குத் தெரியும். மது ஒழிப்புச் சங்கத்தின் செயலாளரிடம் ஓர் ஆள் வந்து காதோடு காதாக ‘பழைய பட்டை வேணுமாம், யாருக்கும் தெரிய வேண்டாமாம்’ என்றால் அவருக்கு இவற்றில் எதுவும் தோன்றாது என்பது மட்டும் தெரியவில்லை. அவருக்குத் தோன்றியது வேலம்பட்டையை ஊறப்போட்டுக் காய்ச்சுகிற சாராயம். அதிலும் பழையது.

அடுத்த ரயிலிலேயே வந்து இறங்கிவிட்டார். வைத்த காப்பியைத் தொடவில்லை. குடையை மடியில் வைத்துக்கொண்டு, உன் கல்யாணத்தையே கையில் பிடித்திருப்பதுபோல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உபதேசியார் வண்டி விஷயத்தை உடைத்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

“சம்பந்தி, நேராவே கேக்கேன். உங்களால நிறுத்த முடியுமா, முடியாதா?”

“முடியலைன்னுதானே உங்ககிட்ட பட்டை கேட்டேன்.”

“எத்தனை நாளா இப்படி?”

“மொதல்ல இருந்தே அப்படித்தான். மேட்டுல ஒண்ணும் தெரியாது. இறக்கத்துலதான் தடுமாறுது.”

அவர் குடையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் ஊன்றினார். “பையனுக்குத் தெரியுமா?”

“அவன் எங்கூடவேதானே இருந்தான். மொத நாளே நான் வைக்கப்படப்புல போய் விழுந்தேன். அவன் சுதாரிச்சு ஒதுங்கிட்டான். கெட்டிக்காரன்.”

“அதை விட்டுட்டு வேற ஏதாவது பாக்கக் கூடாதா?”

“எல்லாம் பாத்தாச்சு அண்ணாச்சி. பனையும் பாத்தேன், தென்னையும் பாத்தேன். பனை உள்ள போனதும் பத்திக்கிட்டு எரியுது. தென்னை பிடிச்சுதுன்னா விடமாட்டேங்கு. உங்க ஆலைச் சரக்குதான் சரிப்படும்னு தோணுது.”

“எங்க ஆலையிலயா? அங்கன அது இருக்குன்னு எவன் சொன்னான்?”

“நீங்கதான் சொன்னீய. ஆலை முழுக்க அதுலதான் ஓடுதுன்னு.”

அவர் எழுந்துவிட்டார். மகனே, உன் கல்யாணம் நம் வீட்டு வாசற்படியில் ஒரு கால் வைத்து நின்றது. நான் இன்னும் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் இறங்கித் தெருவோடு போயிருக்கும். அடுக்களையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வடிய வந்தாள். என் மடியிலிருந்த கருகின துண்டை எடுத்து அவர் கையில் வைத்து, “அண்ணே, இவுக கேட்டது இந்தப் பட்டை. வண்டிக்கு” என்றாள். அவர் துண்டைப் பார்த்தார், வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார், பனையிலிருந்து தென்னை வரைக்கும் மனசுக்குள் ஒருதரம் திரும்பிப் போய்வந்தார் போலிருக்கிறது. உதடு கோணிற்று. ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். குடித்துவிட்டு, “அப்போ அன்னிக்கு நீங்க சொன்னது பொய். வண்டி நிக்காது” என்றார். சிரித்தாரா இல்லையா என்பதில் உன் அம்மாவுக்கும் எனக்கும் இன்னும் அபிப்பிராய பேதம் உண்டு.

எது வேண்டுமோ அதை முழுப் பெயர் சொல்லிக் கேள், மகனே. கல்யாணம் ஆன பிறகு இது ரொம்ப அவசியம். பாதி வார்த்தையை நீ சொல்லி, மீதியை எஸ்தர் ஊகித்துக்கொள்வாள் என்று இருந்துவிடாதே. அவள் வேறொரு பட்டையை ஊகித்துக்கொண்டு வருஷக்கணக்காய் வருத்தப்படுவாள். நீயும் காரணம் தெரியாமல் காப்பி ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

மறுவாரம் பட்டை வந்தது. சம்பந்தி ஆலைத் துரையிடம் முறையாகக் கேட்டு, கழித்துப்போட்ட துண்டைத்தான் அனுப்பியிருந்தார். கூடவே செய்தி: சனிக்கிழமை வந்து நிறுத்திக் காட்ட வேண்டும், பேச்சில் மாற்றமில்லை. பழைய துண்டையும் புதுப் பட்டையையும் பக்கத்தில் வைத்து இரண்டிலிருந்தும் ஒவ்வொரு நூல் உருவி எரித்தேன். ஒரே வாடை! ஊரே என்னைப் பைத்தியம் என்றபோது நான் மோந்து மோந்து தேடிய பொருள் அதுதான். ஒட்டகம் பாலைவனத்தில் நிற்காமல் நடக்குமாம். அதன் மயிர் பாபநாசத்தில் மோட்டாரை நிறுத்தப் போகிறது. நானே வெட்டினேன், நானே துளையிட்டேன், செம்பு ஆணி வைத்து நானே தறைந்தேன்.

சனிக்கிழமை இறக்கத்தின் அடியில் சம்பந்தி குடைமுனையால் புழுதியில் ஒரு கோடு போட்டார். போட்டுவிட்டு விலகி நிற்க வேண்டியதுதானே? கோட்டுக்குப் பின்னால் அவரே நின்றுகொண்டார், கையைக் கட்டிக்கொண்டு. பக்கத்து மருதமரத்தடியில் எஸ்தரும் அவள் அம்மாவும். என் பக்கத்தில் உன் அம்மா, கண்ணை மூடி ஜெபத்தில். மேலேயிருந்து வண்டியை விட்டேன். சம்பந்தி சிறிதாய்த் தெரிந்தவர் பெரிதானார், இன்னும் பெரிதானார். கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது வண்டி நின்றது. நின்றதோடு இல்லாமல் மரியாதையாய் ஓர் அடி பின்னால் போய் நின்றது. “என்னைக் கண்டதும் பின்வாங்குது பாருங்க. மரியாதை தெரிஞ்ச வண்டி” என்றார் சம்பந்தி. இந்தத் தடவை சிரித்தார், அபிப்பிராய பேதமில்லை. எஸ்தர் இந்த வண்டியிலேயே வரலாம் என்று அங்கேயே உத்தரவும் கொடுத்துவிட்டார். பெயர் தெரியாத வண்டிக்கு, கப்பல் வராத காலத்தில், சரியான பட்டையைத் தேடிப்பிடித்துப் பூட்டியவன் இந்தத் திருநெல்வேலிச் சீமையில் நான் ஒருவன்தான் என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் விட்டதும் எல்லோரிடமும் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

இங்கே நிறுத்து. தாளை மடி. உன் சிநேகிதர்களைத் தேநீர் வாங்க அனுப்பு.

போய்விட்டார்களா? சரி. லே, யாரிடமும் சொல்லாதே. நாம் மாட்டுவண்டிக் குடும்பம். புது அச்சு, புது வார், புதுச் செருப்பு எதுவானாலும் எண்ணெய் காட்டாமல் பூட்டுகிற வழக்கம் நமக்கு உண்டா? இத்தனை பாடுபட்டுக் கிடைத்த பட்டையாயிற்றே என்று, பூட்டுவதற்கு முன் அதை ஒரு சட்டி விளக்கெண்ணெயில் ஊறவைத்தேன். நன்றாகக் குடித்தது. சமதரையில் இடது மிதியிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக ஓய்ந்துவிடும், ஆகையால் பாபநாசம் போகிறவரை ஒன்றும் தெரியவில்லை. இறக்கத்தில் மிதித்தபோது பட்டை உருளையைக் கவ்வவில்லை, தடவிக்கொடுத்தது. சம்பந்தி பெரிதாகிக்கொண்டே வந்தார். என் கால் வழுக்கி எதன்மேலோ விழுந்தது. அது நடு மிதி. வண்டி நின்றதும் பின்னால் போனதும் அதனால்தான். ஒட்டகத்துக்கு அதில் சம்பந்தமே இல்லை.

வண்டியைவிட்டு இறங்கினபோது எஸ்தர் எனக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். கொடுக்கும்போது தலையை நிமிர்த்தாமல், “மாமா, நடு மிதிதானே?” என்றாள். நான் தண்ணீரைக் குடித்தேன். “அப்பாட்ட சொல்ல மாட்டேன். ஆனா வண்டியைச் சரி பண்ணிட்டு அப்புறம் வாங்க” என்றாள். மகனே, எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று தெரிந்த ஒரு ஜீவன் நம் வீட்டுக்கு வருகிறது. அவளுக்கு எண்ணெய் போட முயலாதே; எண்ணெய் கூடாத இடமும் உண்டு என்று பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பட்டையைக் கழற்றி உவர்மண் போட்டு அலசி, உன் அம்மா சேலைக்குப் பக்கத்தில் கொடியில் காயப்போட்டிருக்கிறேன். எண்ணெய் இன்னும் சொட்டுகிறது. நீ வருவதற்குள் காய்ந்தால் பூட்டிவிடுவேன், காயாவிட்டால் நாம் இருவரும் சேர்ந்து அலசுவோம். அதுவரைக்கும் வண்டி கடைவாசலில் நிற்கிறது. உண்மையாகவே நிற்கிறது. சக்கரத்துக்கு அடியில் கல் வைத்திருக்கிறேன்.

உன் அம்மா விளக்கை எடுக்க வந்து, “இன்னுமா எழுதுதீய? போதும், நிறுத்துங்க” என்கிறாள். அவள் சொன்னால் பட்டை இல்லாமலே நிற்பேன்.

உன் அன்புள்ள
அப்பா